ஆர்டினரி கால், அர்ஜென்ட் கால்

கொலம்பஸ், ஒஹாயோ
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது, மற்றபடி குறையில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் ஆரம்பித்த விஷயத்தை நீங்கள் முழுதாகச் சொல்லவே விடவில்லை. "போன் கம்பெனியை மாத்தலாமான்னு பாக்குறோம்" என்று வாயைத் திறந்ததுமே "பெரிய கம்பெனியை விடாதே, சொல்லிட்டேன்" என்றீர்கள், அதற்குள் அம்மா போனைப் பிடுங்கி குழந்தை இட்லி சாப்பிடுகிறாளா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அதனால்தான் கடிதம். எழுத்தில் இருந்தால் நீங்கள் குறுக்கே பேச முடியாது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் பில். எங்கள் இரண்டு பேர் நம்பருக்கும் சேர்த்து மாதம் 142 டாலர். நம்ம காசில் 12,000 ரூபாய்க்கு மேல். ஒரு மாதத்துக்கு அப்பா, ஒரு மாதத்துக்கு! நீங்களும் அம்மாவும் வருடம் முழுக்கப் பேசினாலும் அவ்வளவு வராது. நான் ஒன்றும் மணிக்கணக்கில் ஊருக்குப் பேசி இந்தப் பில்லை ஏற்றவில்லை, நம்ம பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். இது சும்மா நம்பர் வைத்திருக்கிற வாடகை.

இங்கே கவர்மென்ட் கம்பெனி இல்லையா என்று முன்னாடி ஒருமுறை கேட்டீர்கள். கிடையாது. ஒரு காலத்தில் நாடு முழுக்க பெல் என்று ஒரே ராஜ்யமாக இருந்ததாம், அதுவும் தனியார்தான். அதை 1984இல் உடைத்து உள்ளூர் சேவையை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். உடைந்த துண்டுகள் ஒன்றை ஒன்று விழுங்கி, இப்போது ஏடி அண்ட் டி, வெரைசான் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது டி-மொபைல், அது ஜெர்மனிக்காரர்கள் கையில் இருக்கிறது. நாலாவதாக ஸ்பிரிண்ட் என்று ஒன்று இருந்தது, 2020இல் அதையும் டி-மொபைல் சேர்த்துக்கொண்டது. ஆக, நாட்டுக்கே மூன்று பேர். நாங்கள் அந்த மூன்றில் ஒன்றில் இருக்கிறோம், எது என்பது உங்களுக்கே தெரியும், பெயர் எழுத வேண்டாம்.

இந்த மூன்று பேரின் டவர் சேவையை மொத்த விலைக்கு வாங்கி, தங்கள் பெயரில் சிம் போட்டு விற்கிற சின்னக் கம்பெனிகள் இங்கே ஏகப்பட்டது. சொந்தமாக ஒரு டவர்கூட இருக்காது. கடை இருக்காது, ஊழியர்கள் சொற்பம், விளம்பரம் மட்டும் இருக்கும். மாதம் 15 டாலர், 25 டாலர் என்று கொடுக்கிறார்கள். நம்ம லைக்காவும் இப்படித்தான், சினிமா எடுக்கிறார்களே அதே லைக்காதான். ஈழத்தமிழர் சுபாஸ்கரன் 2006இல் லண்டனில் ஆரம்பித்தது, சினிமாவெல்லாம் அப்புறம் வந்தது, அடிப்படை வியாபாரம் அடுத்தவன் டவரில் சிம் விற்பதுதான். இங்கே இந்தியன் மளிகைக் கடையில் அப்பளக் கட்டுக்குப் பக்கத்தில் அந்த சிம் தொங்கும்.

நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 2018 பிப்ரவரி. சித்தப்பாவின் ஏர்செல் போனில் ஒரே நாளில் டவர் செத்துப் போய், நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற 1900க்கு மெசேஜ் போடக்கூட சிக்னல் இல்லாமல், மெயின் ரோட்டில் கம்பெனி ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றாரே, அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து நீங்கள் இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தீர்கள். ஆனால் அந்தக் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே நெட்வொர்க் நடத்தினவனே மூழ்கினான். இங்கே டவர்காரன் மூழ்கப் போவதில்லை. அதோடு இந்தச் சின்னக் கடைகளில் பலவற்றுக்கு முதலாளியே பெரியவர்கள்தான்! கிரிக்கெட் என்று ஒரு கம்பெனி, விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதை ஏடி அண்ட் டி 2014இல் வாங்கிவிட்டது. டிராக்ஃபோனை வெரைசான் 2021இல் வாங்கியது. மின்ட் மொபைலை டி-மொபைல் 2024இல் வாங்கியது. சின்னக் கடை என்று நம்பி உள்ளே போனால் கல்லாவில் பெரிய முதலாளியின் தம்பி உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான், ஆனால் உங்கள் பயத்துக்கு அது நல்ல மருந்து.

சரி, அதே டவர், அதே சிக்னல் என்றால் எப்படி இவ்வளவு மலிவு? இது உங்களுக்கு ஒரு வரியில் புரியும். டிரங்க் கால்.

கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த புதிதில் நீங்கள் டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்த கதைகளை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். மெட்ராசுக்குக் கால் புக் செய்தவர்கள் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. போவது ஒரே கம்பி. காசு அதிகம் கொடுத்தவன் முன்னால் போவான், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி லைட்னிங் போட்டால் ஆர்டினரிக்காரன் சாயங்காலம் வரை காத்திருப்பான். கம்பி காலியாக இருக்கும் நேரத்தில் யாருக்கும் வித்தியாசமே தெரியாது, இல்லையா? அதேதான் அப்பா இங்கேயும். டவரில் கூட்டம் இல்லாதபோது 25 டாலர்காரனுக்கும் 70 டாலர்காரனுக்கும் ஒரே வேகம். கூட்டம் வந்தால் டவர் முதலில் பெரிய கம்பெனியின் நேரடி ஆட்களுக்கு டேட்டா கொடுக்கும், மிச்சம் இருந்தால் நமக்கு. பேசுகிற கால் மட்டும் தனி வரிசையில் போகும், அதில் கை வைப்பதில்லை.

எனவே கேள்வி, கம்பெனி பெரிசா சின்னதா என்பதில்லை. நாங்கள் எத்தனை தடவை கூட்டத்தில் மாட்டுகிறோம், அப்போது காத்திருந்தால் என்ன நஷ்டம், இவ்வளவுதான்.

இதை வாய்க்கணக்காக விடாமல் சோதித்தே பார்த்தோம். சில கம்பெனிகள் இரண்டு வாரம் சும்மாவே போட்டுப் பார்க்கச் சொல்கின்றன. கடைக்குப் போக வேண்டாம், சிம்மும் வேண்டாம், போனுக்குள்ளேயே இ-சிம் இறங்கிவிடும். என் போன் தவணையில் வாங்கியது, பாக்கி தீரும்வரை பூட்டு, வேறு கம்பெனி சிம் ஏறாது. உங்கள் மாப்பிள்ளையின் போன் கடன் தீர்ந்த போன். அதில் பழைய கம்பெனி ஒரு சிம், புதுசு ஒரு சிம், இரண்டும் ஒரே டவர்காரனுடையது. ஒரே போன், ஒரே இடம், மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இதைவிட நேர்மையான பரீட்சை கிடைக்காது.

வீட்டில், ஆபீசில், காஸ்ட்கோவில், பவல் பக்கம் இருக்கிற கோயிலில் எங்கேயும் வித்தியாசம் இல்லை. எங்கள் அபார்ட்மென்டின் அடித்தளத்தில், துணி துவைக்கிற இடத்தில், இரண்டுமே வராது, அங்கே வைஃபையில்தான் கால் போகும். (அதைப் போடும்போது வீட்டு முகவரி கேட்கிறார்கள். ஆபத்துக்கு 911 அடித்தால் ஆம்புலன்ஸ் எங்கே வர வேண்டும் என்று தெரிய வேண்டுமாம். டெலிபோன் ஆபீஸ்காரர் மகள் நான், முகவரியைத் தெளிவாகக் கொடுத்தேன்.)

அப்புறம் ஹாக்கிங் ஹில்ஸ் போனோம். இங்கிருந்து ஒரு மணி நேரம், பாறையும் அருவியும் காடுமாக அழகான இடம், குற்றாலம் மாதிரி என்று சொல்ல ஆசைதான், ஆனால் தண்ணீர் நூல் மாதிரி விழுகிறது. அங்கே பழைய சிம்மில் ஒரு பாயிண்ட் வந்தது, புதிதில் ஒன்றுமே இல்லை. சொந்த டவர் இல்லாத இடத்தில் பெரிய கம்பெனி தன் ஆட்களுக்கு மட்டும் அடுத்தவன் டவரைக் கடன் வாங்கிக் கொடுக்கும், சின்னவர்களுக்குப் பெரும்பாலும் அந்தச் சலுகை கிடையாது. வருடத்துக்கு இரண்டு தடவை போகிற இடம், மேப்பை முன்னாடியே இறக்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. இதை நான் பெரிசாக எடுக்கவில்லை.

பெரிசாக எடுத்தது சனிக்கிழமை மேட்ச். இங்கே யூனிவர்சிட்டியின் ஃபுட்பால் மைதானம் ஒன்றில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம், மேட்ச் நாளில் ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போகும். நம்ம ஊரில் பங்குனித் தேர் அன்று செண்பகவல்லியம்மன் கோயில் தெருவில் நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒவ்வொருவன் கையிலும் வீடியோ எடுக்கிற போன். புது சிம்மைப் போட்டுக் குழந்தை போட்டோ ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினோம். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பழைய சிம்முக்கு மாற்றினோம், மெதுவாகத்தான், ஆனால் போய்விட்டது. நீங்கள் சொன்ன ஆர்டினரி கால்காரன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இதில் சிக்கல் என்னவென்றால் மாப்பிள்ளை வேலை செய்யும் மருத்துவமனை அந்த மைதானத்துக்குப் பக்கம். ஸ்கேன் மெஷின் நின்றுபோனால் சனிக்கிழமையானாலும் கூப்பிடுவார்கள், வழியிலேயே மெஷினின் படத்தையும் எரர் நம்பரையும் அனுப்புவார்கள். அவருக்கு அந்த வட்டம் சுற்றக் கூடாது. எனக்குச் சுற்றினால் என்ன, போட்டோ சாயங்காலம் போகட்டும்.

இனி கணக்கு. இங்கேதான் நான் ஏமாறப் பார்த்தேன். என் போன் "இலவசம்" என்று கொடுத்தது, ஞாபகம் இருக்கிறதா? இலவசம் எல்லாம் இல்லை. போனின் விலையை 36 தவணையாகப் பிரித்து, மாதம் 20 டாலரைப் பில்லில் ஏற்றி, அதே 20 டாலரைக் கழித்தும் காட்டுவார்கள். நடுவில் விலகினால் கழிவு நின்றுவிடும், பாக்கித் தவணையை நாம்தான் கட்ட வேண்டும். ஆடித் தள்ளுபடியில் விலையை ஏற்றிவிட்டு இறக்குவார்களே, அதற்கு அண்ணன் இது. எனக்கு இன்னும் 11 தவணை, 220 டாலர். அதைப் பார்த்ததும் "ஐயோ, 220 டாலர் தண்டமா, 11 மாதம் பொறுப்போம்" என்றுதான் முதலில் தோன்றியது. அவர் மட்டும் முதலில் போகட்டும் என்றால் அதிலும் ஒரு பொறி, இரண்டு நம்பராக இருந்தால்தான் விலை குறைவு, ஒன்று விலகினால் என் ஒரு நம்பருக்கே 88 டாலர் கேட்கிறார்கள்.

ராத்திரி குழந்தை தூங்கினதும் நோட்டை எடுத்தேன், நீங்கள் பால் கணக்கு எழுதுகிற மாதிரி கோடு போட்டு. இங்கேயே இருந்தால் 11 மாதத்துக்கு 1,562 டாலர். இருவரும் இப்போதே மாறினால், எனக்கு 25 டாலர் பிளான், அவருக்கு அதே கம்பெனியில் பத்து டாலர் கூடக் கொடுத்து வரிசையில் முன்னால் நிற்கிற பிளான் 35, ஆக மாதம் 60. பதினோரு மாதத்துக்கு 660, அந்த 220 தண்டத்தையும் சேர்த்தால் 880. மிச்சம் 682 டாலர். தண்டம் மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடுகிறது! 220 என்ற ஒரு எண்ணைக் காட்டித்தான் என்னை இத்தனை நாள் கட்டிப் போட்டிருந்தார்கள்.

ஆக அவர் அர்ஜென்ட் கால், நான் ஆர்டினரி கால். முடிவு செய்துவிட்டோம் அப்பா, இது உங்களிடம் அனுமதி கேட்கிற கடிதம் இல்லை, ஆனால் நீங்கள் சரி என்று சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

ஒன்று மட்டும் குறையாகத்தான் இருக்கப் போகிறது. ஏதாவது தகராறு என்றால் நேரில் போய்க் கேட்க ஆள் கிடையாது, எல்லாம் சாட்டில்தான், அதுவும் முதலில் மெஷின் பேசும். நீங்கள் நாற்பது டிகிரி வெயிலில் கம்பம் ஏறி ஒரு கிழவியின் லைனைச் சரிசெய்துவிட்டு மோர் குடித்துவிட்டு வந்த ஆள், உங்களுக்கு இது பிடிக்காது. எனக்கும்தான். ஆனால் இப்போது இருக்கிற பெரிய கம்பெனியின் கடைக்கு இரண்டு தடவை போனேன், அந்தப் பையன் இரண்டு தடவையும் எனக்குப் புதுப் போன் விற்கத்தான் பார்த்தான்.

நம்பர் மாறாது, பயப்பட வேண்டாம். அதே 614தான். இங்கே நம்பரை எடுத்துப் போவது நம்ம ஊரைவிடச் சீக்கிரம், பழைய கம்பெனியிடம் கணக்கு எண்ணும் ஒரு ரகசிய எண்ணும் வாங்கிப் புதியவனிடம் கொடுத்தால் பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். புது லைன் வேலை செய்யும்வரை பழையதை நாமாக ரத்து செய்யக் கூடாது, செய்தால் நம்பரே போய்விடும், அதை மட்டும் மாப்பிள்ளைக்கு மூன்று தடவை சொல்லி வைத்திருக்கிறேன். பில் தேதி 24, அதற்கு முன்னால் 22ஆம் தேதி புதன்கிழமை மாறுகிறோம். முதலில் என் பாக்கியைக் கட்டிப் பூட்டைத் திறக்க வேண்டும், அதை நாளைக்கே செய்கிறேன். அந்தப் புதன்கிழமை என் நம்பர் கொஞ்ச நேரம் கிடைக்காமல் போகலாம். அம்மா கூப்பிட்டு, கிடைக்கவில்லை என்று ஊரைக் கூட்டிவிடப் போகிறாள், இப்போதே சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல வருவேன்.

இன்னொரு வேலை. என் பழைய ஊர் சிம், இங்கே வாங்கிய போனில் சிம் போடுகிற ஓட்டையே இல்லாததால், உங்கள் ஃபிரிட்ஜ் மேலே அந்த நோக்கியாவில்தானே இருக்கிறது. அது சார்ஜில் இருக்கிறதா என்று பாருங்கள், ரீசார்ஜ் முடியப் போகிறது என்றால் போட்டுவிடுங்கள். வருகிற சனிக்கிழமை உங்களுக்குக் காலை 7 மணி, எனக்கு முந்தின ராத்திரி ஒன்பதரை, பேங்க் எஃப்.டி.யைப் புதுப்பிக்கப் போகிறேன். ஓடிபி வந்ததும் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், போட்டுக்கொண்டே உட்காருங்கள், போன தடவை ஆறாவது எண்ணைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு என் அன்பு. கடலை மிட்டாய் பார்சல் வந்து சேர்ந்தது, பாதி தூளாகிவிட்டது, தூளையும் தின்றுவிட்டோம்.

இப்படிக்கு
உங்கள் மகள்