கினபாலு ஏறுவோருக்கு: காய்ந்த உடை ஒரு செட்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டுச் சுற்றுலாக் கட்டுரைகளில் மலேசியாவின் கினபாலு மலையைப் பற்றி எழுதுகிறவர்கள், “மழை வரலாம், ஜெர்கின் அவசியம்” என்ற ஒரே வரியில் மழையைக் கடந்துவிடுகிறார்கள். நண்பர்களாகச் சேர்ந்து போகிறவர்களுக்கு அந்த வரி போதாது.

நடை தொடங்கும் திம்போஹோன் வாயில் சுமார் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி 4,095 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், கீழே இருப்பதைவிட உச்சியில் 14 டிகிரி குளிர் கூடும். காற்று தனி. கீழ்க்காட்டில் புழுக்கம், மேலே நடுக்கம் என்பதால் ஒரே உடையில் இரண்டையும் சமாளிக்க முடியாது.

முதல் ஆறு கிலோமீட்டர் காட்டுப் படிக்கட்டுகள். இங்கே மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு ஏறினால் மழைக்குப் பதில் வியர்வையில் நனைவீர்கள். மெல்லிய செயற்கை இழைச் சட்டையோடு நனைந்தபடியே ஏறலாம், தவறில்லை. பருத்திப் பனியனும் ஜீன்ஸும் கூடவே கூடாது; குடித்த நீரை விடாது, உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆபத்து நடக்கும்போது அல்ல, நிற்கும்போது. வேகமாக ஏறியவர் வழியிலுள்ள நிழற்குடிலில் மற்றவர்களுக்காக இருபது நிமிடம் ஈரத்தோடு காத்திருப்பார்; குழுவில் முதலில் விறைப்பவர் பெரும்பாலும் அவர்தான். நின்ற உடனே கோட்டைப் போடுங்கள், வியர்வை ஆறியபின் அல்ல.

சுமார் 3,272 மீட்டரிலுள்ள பனலாபன் விடுதிக்குப் போய்ச் சேரும்போது ஒரு செட் உடை முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். முதுகுப்பையின் மேலுறையை நம்ப வேண்டாம். முதுகோடு ஒட்டிய பக்கம் திறந்தே இருப்பதால் தண்ணீர் அந்த வழியே இறங்கும். பைக்குள் தடித்த குப்பைப் பையை விரித்து, அதனுள் உடைகளை வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். மறுநாள் அதிகாலை இரண்டு மணிவாக்கில் உச்சிக்குக் கிளம்பும்போது அந்தக் காய்ந்த செட், அதன் மேல் மழைக்கோட்டும் மழைக்காற்சட்டையும். இறங்கி வந்து காட்டுக்குள் நுழையுமுன் முந்தைய நாளின் ஈர உடைக்கு மாறிவிடுங்கள். விடுதியில் எதுவும் காயாது. ஈரத்தை மாட்டுவது அருவருப்புதான், ஆனாலும் வேறு வழியில்லை. போன்சோ (தலைவழியே போர்த்திக்கொள்ளும் அகலமான மழை உறை) காட்டுக்குப் பரவாயில்லை. மரங்கள் முடிந்த பிறகு அது காற்றில் கப்பல் பாய்போல உப்பும், படியில் காலைத் தடுக்கும்.

மேலே வெறும் கருங்கல் பாறை. கனமழையில் அதன் மேல் தண்ணீர் ஓடையாகவே இறங்கும். பிடித்து ஏறும் வெள்ளைக் கயிறும் வழுக்கும். வழிகாட்டி “இன்று வேண்டாம்” என்றால் பேரம் பேசாதீர்கள். மூடுபனியில் நெற்றி விளக்கு வெண்சுவர்போலக் கண்ணைக் கூசச்செய்யும். கழற்றி இடுப்பளவில் பிடித்தால் தரை தெரியும்.

நண்பர் ஒருவர் பேச்சுக் குழறினாலோ, ஜிப்பை இழுக்க முடியாமல் தடுமாறினாலோ கேலி செய்யாதீர்கள். உடல் வெப்பம் இறங்குகிறது என்று பொருள். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று நினைப்பது பெருந்தவறு, நிலை மோசமாகிவிட்டது. ஈர உடையைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, காற்றுப் படாத இடத்தில் உட்கார வைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்கக் கூடாது, மது கூடாது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயிலும் இதே தள்ளாட்டம் வரும். எதுவென்று அங்கே நின்று ஆராய வேண்டாம். வழிகாட்டியிடம் சொல்லி உடனே கீழே இறக்குவதே வழி. மழையில் தாகம் தெரியாததால் பலர் தண்ணீரே குடிப்பதில்லை, தலைவலிக்கு அதுவும் ஒரு காரணம்.

காலணிக்கு ஒரு குறிப்பு. அங்குள்ள சுமைதூக்கிகள் பலரும் அணிவது “அடிடாஸ் கம்போங்” என்று வேடிக்கையாக அழைக்கப்படும் மலிவான ரப்பர் காலணி. சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் உள்ளே மெத்தை கிடையாது; பழகாத பாதத்துக்கு இறங்கும்போது கற்படிகள் ஒவ்வொன்றும் உறைக்கும். கிளம்புமுன் கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியையும் படித்துவிடுங்கள். சிலவற்றில் அது கினபாலு உச்சிக்குக் கீழேயே முடிந்துவிடும்.

மலையேற்றப் பயிற்றுநர்கள்,
கோயம்புத்தூர்