எங்கள் விண்ணப்பக் கோவையை மறுபடியும் திருப்பி அனுப்பாதீர்கள்

சிகிச்சை நிதி உதவியைத் தீர்மானிக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

திருகோணமலையிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். என் மகனின் கோவை கடந்த வாரம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. புற்றுநோய்ப் பிரிவு இதைப் பிறவி நோய் என்கிறது. பிறவி நோய்ப் பிரிவு இதைப் புற்றுநோய் என்கிறது.

ஐயா, இரண்டும் ஒரே நோய்தான்: எக்ஸ்.எல்.பி. (XLP) என்ற பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடும், அதிலிருந்து வந்த புற்றுநோயும். அந்தக் குறைபாட்டுக்குக் காரணமான மரபணுவை 1998இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். உமிழ்நீரால் தொற்றும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் நம்மில் பெரும்பாலானோர் உடலில் வாழ்நாள் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு அடங்கிவிடும் அந்த வைரஸ், அதை அடக்கும் சக்தி இல்லாமல் பிறந்த என் மகனுக்கு நிணநீர்ப் புற்றுநோயாக மாறியது. மருந்து கட்டியைக் கரைத்துவிட்டது. பிறவிப் பழுதை அந்த மருந்தால் திருத்த முடியாது. அதற்கு மூலக்கல மாற்றுச் சிகிச்சை, அதாவது பொருந்தும் இன்னொருவரின் என்பு மச்சைக் (எலும்பு மஜ்ஜை) கலங்களை ஏற்றும் சிகிச்சை வேண்டும். உடன்பிறந்தவர் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புத்தான். அவனுடைய அக்கா முழுமையாகப் பொருந்துகிறாள்.

கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் யாராவது இருமினால் அவனைத் தூக்கிக்கொண்டு பெட்டி மாறுவேன். சன்னலோரம் படுக்கவைத்து, விடியும்வரை அவன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பேன், மறுபடியும் கட்டி தட்டுப்படுகிறதா என்று. அவனுக்கு ஒன்பது வயது. நான் எதைத் தேடுகிறேன் என்று அவனுக்குத் தெரியும். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வான்.

கட்டி அடங்கியிருக்கும் இந்த நாட்களில்தான் மாற்றுச் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் வைத்திய நிபுணர். அந்த நாட்களைத்தான் நீங்கள் தபாலில் கழிக்கிறீர்கள். கோவையைத் திருப்பி அனுப்பும் கடிதமும் சிங்களத்தில் மட்டுமே வருகிறது. என் பிள்ளையின் உயிரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் அறிகிறேன். கிழக்கில் இருப்பவர்களுக்கு வைத்தியமும் தூரம், பதிலும் தூரம். வேலூரில் 1986இலேயே என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் அங்கே போவதற்குத்தான் உதவி கேட்கிறோம். காணியை விற்றாயிற்று, அது பாதிச் செலவுக்கும் போதாது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான்: இரண்டு பிரிவினரும் ஒரே நாளில், ஒரே மேசையில் அமர்ந்து இந்தக் கோவையைப் பாருங்கள். முடிவைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து ஒரு திகதி சொல்லுங்கள். அக்காவுக்கு விடுமுறை கேட்கும் கடிதத்தைப் பாடசாலை அதிபரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். திகதி எழுத வேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திருகோணமலை