கார் ஷெட்டுக்குப் பெயிண்ட் அடிக்குமுன்: கடலூர் நண்பனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்,
கார்த்திகை மாதம்.

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதமும் அதனுடன் அனுப்பிய படங்களும் கிடைத்தன. உன் தந்தையார் ஓட்டிய பிரீமியர் பத்மினியை யாருக்கும் விற்றுவிடாமல், அதற்கென்றே வீட்டின் பக்கவாட்டில் 12 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள ஷெட் ஒன்றைக் கட்டி, ஓய்வுக் காலத்தில் உன் கையாலேயே அதைச் சீர்செய்யப் போகிறாய் என்று படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. குர்லா தொழிற்சாலையில் பிறந்த அந்த வண்டி, 1089 சிசி எஞ்சினும், ஸ்டியரிங் தண்டிலேயே அமைந்த கியர்க் கம்பியும், பின்னால் பட்டை ஸ்பிரிங்கும் கொண்டு, கம்ப்யூட்டர் என்ற ஒன்றே இல்லாமல் ஓடுவது. ஸ்பானரும் திருப்புளியும் பொறுமையும் உள்ள ஒருவர் வீட்டிலேயே பிரித்துப் பூட்டக்கூடிய வண்டிகளில் அதைவிடப் பொருத்தமானது நம் ஊரில் அரிது. உன் முடிவு சரியான முடிவு.

பொங்கலுக்குள் சுவருக்கும் தரைக்கும் பெயிண்ட் அடித்து வண்டியை உள்ளே ஏற்றிவிட வேண்டும் என்றும், அதற்கு எந்தப் பெயிண்ட், எந்த நிறம் என்று நான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். நிறத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: பொங்கலை விட்டுவிடு, மாசி மாதம் வரை பொறு. ஐப்பசியில் தரை போட்டு, அதே மழையில் சுவர் பூசி முடித்திருக்கிறார்கள். கான்கிரீட் தன் பலத்தை அடைய 28 நாள் என்று கணக்கு வைப்பது உண்மைதான்; ஆனால் அது பலத்துக்கான கணக்கு, உலர்வதற்கான கணக்கு அல்ல. நீராற்றுவதற்காக நாம் ஊற்றிய தண்ணீரும், வடகிழக்குப் பருவமழை கொண்டுவந்த ஈரமும், கடற்காற்றில் எப்போதும் இருக்கும் ஈரமும் சேர்ந்து அந்தத் தரைக்குள்ளும் பூச்சுக்குள்ளும் இன்னும் நிற்கின்றன. அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே பெயிண்ட்டை மூடினால், அது கொப்புளமாக எழும்பி, ஓராண்டுக்குள் ஏடு ஏடாக உரிந்துவிடும். புதிய சிமெண்டுப் பூச்சில் காரத்தன்மையும் மிகுதியாக இருக்கும். எண்ணெய்ப் பெயிண்ட்டை அதன்மேல் அவசரமாக அடித்தால், பெயிண்ட்டில் உள்ள எண்ணெய் அந்தக் காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறி, பிசுபிசுத்துப் போகும். விலை உயர்ந்த பெயிண்ட்டாலும் இதைத் தடுக்க முடியாது.

ஈரம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே. மேற்பரப்பு வெளுத்து உலர்ந்து தோன்றினாலும் உள்ளே ஈரம் இருக்கும். பதினெட்டு அங்குலச் சதுரமாகத் தடித்த பாலித்தீன் தாள் ஒன்றை வெட்டி, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் தரையில் ஒட்டி, மாலையில் வைத்து மறுநாள் காலை வரை, அதாவது குறைந்தது 16 மணி நேரம், அப்படியே விட்டுவை. எடுத்துப் பார்க்கும்போது தாளின் உட்புறத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ, அந்த இடத்துச் சிமெண்டு கறுத்திருந்தாலோ, தரை இன்னும் தயாராகவில்லை. ஷட்டர் அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, பழைய சுவரின் ஓரத்தில் ஒன்று என்று மூன்று இடங்களில் இதைச் செய். மழைக்காலத்தில் உன் கிணற்று நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும் என்று முன்பு சொல்லியிருக்கிறாய். கான்கிரீட்டுக்கு அடியில் கொத்தனார் பாலித்தீன் விரித்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள். விரிக்கவில்லை என்றால், கோடையிலும் மண்ணின் ஈரம் மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கும். அப்படியானால் தரைக்கு எபாக்சி, அதாவது பிசினும் ஹார்டனரும் கலந்து பூசும் கெட்டியான பெயிண்ட், பூசும் எண்ணத்தையே கைவிட்டு, கான்கிரீட்டை இறுகச் செய்யும் சிலிகேட் திரவத்தை மட்டும் ஊற்றித் தேய்த்து விட்டுவிடுவது நல்லது. அது படலமாகப் படியாமல் உள்ளே ஊறிப்போவதால் உரிவதற்கு ஒன்றுமில்லை, தூசியும் எழும்பாது.

படத்தில் நான் உற்றுப் பார்த்த இன்னொன்று, ஷெட்டின் இடப்பக்கச் சுவர். மற்ற மூன்றும் புதியவை; இது மட்டும் உங்கள் பழைய மதில், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டது, அடியில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்திருப்பது படத்திலேயே தெரிகிறது. ஓதம் ஏறும் சுவர் அது. அதன்மேல் பட்டி பார்த்து எனாமல் அடித்தால், வெளியேற முடியாத உப்பு உள்ளிருந்தே பூச்சைத் தள்ளி உடைத்துவிடும். நம் தாத்தாக்கள் செய்ததையே அந்தச் சுவருக்கும் செய்: உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, நன்றாக நீற்றிய சுண்ணாம்பைக் கோந்து கலந்து மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடி. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். ஆண்டுக்கொரு முறை மீண்டும் அடிப்பது பெரிய செலவும் அல்ல. கருவிகளை மாட்டும் பலகையை மட்டும் அந்தச் சுவரில் வைக்காதே.

மற்ற மூன்று சுவர்களுக்கும் கூரையின் அடிப்பக்கத்துக்கும் வெள்ளைதான் வேண்டும். நீ விரும்பும் இளநீலம் வீட்டுக்கு அழகு. ஆனால் இந்த இடத்தில் சுவரும் ஒரு விளக்கு. நல்ல வெள்ளை, தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். அந்த வெளிச்சம்தான் வீல் வளைவுக்குள்ளும், எஞ்சினுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கிலும் போய் விழும். நேராக மேலிருந்து வரும் வெளிச்சம் அங்கே எட்டாது. கூரைக்குப் பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷனும், சுவருக்குத் துடைக்கக்கூடிய, சற்றே மினுமினுப்புள்ள வெள்ளை எமல்ஷனும், இரண்டுக்கும் முன்னதாகக் காரத்தைத் தாங்கும் பிரைமரும் அடிக்கச் சொல். தரையிலிருந்து நான்கடி உயரம் வரை மட்டும், நன்றாக உலர்ந்த பிறகு, நடுத்தரச் சாம்பல் நிற எனாமல் அடிக்கலாம். கிரீஸ் கையும் டயரும் உரசுவது அந்த உயரத்தில்தான். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் கறை போய்விடும். எனாமல் வேலை முடிந்ததும் பெயிண்டர் எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் பார்த்துக்கொள். அவை உலரும்போது தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை. வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீர் நிறைந்த தகரத்தில் போட வேண்டும்.

வெளிச்சத்தைக் கணக்கோடு சொல்கிறேன். விளக்கு தரும் ஒளியை லூமனில் அளப்பார்கள்; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். நுணுக்கமான வேலைக்கு 500 லக்ஸ் வேண்டும். உன் ஷெட்டின் பரப்பு ஏறக்குறைய 22 சதுர மீட்டர் என்பதால் 11,000 லூமனுக்குக் குறையாமல் தேவைப்படும். நான்கடி நீளமுள்ள 20 வாட் எல்இடி குழல் விளக்கு ஒன்று சுமார் 2,000 லூமன் தரும். தூசியாலும் தூரத்தாலும் குறைவதைச் சேர்த்துப் பார்த்தால் எட்டு விளக்குகள் தேவை. அவற்றை வண்டியின் கூரைக்கு நேர் மேலே மாட்டாதே. பக்கத்துக்கு மூன்றாக வண்டியின் இருபுறமும் நாம் நிற்கும் நடைபாதைக்கு மேலே ஆறும், வேலை மேசைக்கு மேல் இரண்டும் வை. நடுவில் மாட்டினால், குனிந்து வேலை செய்பவரின் தலை நிழல் வேலையின் மேலேயே விழும்.

இனித் தரை. உன் பாட்டி வீட்டில் இருந்தது போலச் சிவப்பு ஆக்சைடு தரை போடலாமா என்று கேட்டிருந்தாய். அந்தத் தரையின் குளிர்ச்சி எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் இங்கே வேண்டாம். எண்ணெய் அதில் ஊறிக் கறையாகும், அடர்ந்த நிறம் வெளிச்சத்தைக் குடித்துவிடும், கீழே விழுந்த சிறு நட்டு கண்ணுக்கே தெரியாது. கடப்பாக் கல்லும் வேண்டாம். அடியில் எங்காவது கலவை நிரம்பாமல் பொள்ளலாக இருந்தால், வண்டியின் பாரத்தைத் தாங்கும் ஸ்டாண்டின் கால் அந்த இடத்தில் கல்லைப் பிளந்துவிடும். பாலித்தீன் சோதனையில் தரை தேறினால், இளஞ்சாம்பல் நிற எபாக்சியே என் தேர்வு. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது வெளிச்சம் கீழிருந்து மேலே வருவதன் அருமை, அப்படிப் படுத்து வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பயன் இன்னொன்று உண்டு. சென்ற ஆண்டு ஒரு காலை நேரத்தில், என் ஷெட்டில் நின்ற வண்டியின் பின்சக்கரத்துக்கு அருகே உள்ளங்கை அளவு ஈரம் இருப்பதைக் கண்டேன். தொட்டால் வழுவழுப்பு, எஞ்சின் ஆயிலின் கறுப்பு இல்லை. பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது, சக்கரத்தின் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரின் ரப்பர் வழியே பிரேக் ஆயில் கசிந்திருந்தது. இருண்ட தரையாக இருந்திருந்தால், பிரேக் மிதி தளர்ந்து உள்ளே போகும் வரை அது எனக்குத் தெரிந்திருக்காது. தரை வெளிறியதாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். பிரேக் ஆயில் பெயிண்ட்டை அரிக்கக்கூடியது என்பதால், சிந்திய உடனே தண்ணீர் விட்டுத் துடைத்துவிட வேண்டும் என்பதையும் நினைவில் வை.

எபாக்சி பிடித்து நிற்பதும் உரிந்து போவதும் பெரும்பாலும் பூசுவதற்கு முன் செய்யும் வேலையில்தான் இருக்கின்றன. கொத்தனார் மட்டம் தட்டும்போது மேலே வந்து படியும் சிமெண்டுப் பால் மெல்லிய, பலமற்ற ஏடு. அதன்மேல் பூசினால் பெயிண்ட் அந்த ஏட்டைத்தான் பிடித்துக்கொள்ளும். ஓடிவந்த டயரின் சூட்டில் இரண்டும் சேர்ந்து எழும்பிவிடும். ஆகவே மொசைக் தரை தேய்ப்பவர் ஒருவரை அழைத்து, பளபளப்பாக்கும் கல்லை அல்ல, சொரசொரப்பான கல்லைப் பூட்டித் தேய்க்கச் சொல். கைவைத்தால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு தெரிய வேண்டும்; சொட்டு விட்ட நீர் முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்சப்பட வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவும் வழியைச் சிலர் சொல்வார்கள். அதன் ஆவி உன் கருவிகளையும் வண்டியின் தகட்டையும் துருப்பிடிக்கச் செய்யும், மிச்சமும் தரையில் தங்கும். தேய்க்கும்போது தண்ணீர் விடுவார்கள் என்பதால், பிறகு நன்றாகக் காயவிட்டு, பாலித்தீன் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும்.

பூசும் நாளில் காலைப் பனி விலகி, தரை சூடேறிய பிறகு, பத்து மணிக்கு மேல் தொடங்கு. தரையின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையின் பொது விதி. பிசினையும் ஹார்டனரையும் கலந்த பிறகு அது தானாகவே சூடேறும். நம் ஊர் வெயிலில் வாளியில் நிறையக் கலந்து வைத்தால் பாதி வேலையில் கல்லாகிவிடும் என்பதால், சிறிது சிறிதாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றி, ரோலரால் உள் மூலையிலிருந்து வாசலை நோக்கிப் பூசிக்கொண்டு வா. இரண்டாவது பூச்சில் மெல்லிய சிலிக்கா மணலைத் தூவினால் எண்ணெய் சிந்தினாலும் கால் வழுக்காது. ஷட்டர் அருகே வெயில் படும் இரண்டு மூன்றடிக்கு எபாக்சி மஞ்சளாகும். அங்கே மட்டும் மேலே பாலியூரித்தேன் பூச வேண்டும். ஒரு வாரம் முழுதாகக் கழியும் வரை வண்டியை ஏற்றாதே.

வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய ஷெட்டின் நடுவில் குழி வெட்டலாமா என்று உன் மைத்துனர் கேட்டதாக எழுதியிருந்தாய். வேண்டவே வேண்டாம் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல். மழையில் அதில் நீர் ஊறும் என்பது சிறிய காரணம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது வழிந்து குழிக்குள் தேங்கும். அங்கே ஒரு கைவிளக்கு விழுந்து உடைந்தால் போதும், உள்ளே இருப்பவர் ஏறிவரவும் நேரமிராது. பத்மினியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஆள் அடியில் படுத்து வேலை செய்ய வேண்டிய உயரத்தை ஜாக்கியும் நான்கு நல்ல ஸ்டாண்டுகளுமே தந்துவிடும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதே. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் முட்டாக வைக்காதே, அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

ஆவி தாழ்வாகத் தங்குவதால், எதிரெதிர்ச் சுவர்களில் தரையோரமாகவே காற்றுத் துளைகள் வை. பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் மேலே செல்வதால் கூரையை ஒட்டியும் வேண்டும். எஞ்சினை ஓடவிடும்போது ஷட்டரை முழுவதும் திறந்துவைப்பதற்கு மாற்று எதுவுமில்லை. கம்ப்ரஸருக்கு, மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் தனி எம்சிபி, எல்லாவற்றுக்கும் முன்னால், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, வாசலுக்கு அருகில் உலர்தூள் தீயணைப்பான்: இவை மூன்றையும் எலக்ட்ரீஷியன் வரும்போதே முடித்துவிடு.

நான் நலம். முழங்கால் வலி இருந்தாலும் ஸ்டூலில் உட்கார்ந்து பிரேக் வேலையை நானே பார்க்கிறேன். மாசியில் நீ பூசத் தொடங்கும் வாரத்தில் நான் கடலூருக்கு வந்து, ரோலர் பிடிக்க உடன் நிற்கிறேன். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் உனக்காக, மேசையில் பொருத்தி வேலைப்பொருளை இறுகப் பிடிக்கும் ஆறு அங்குல வைஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். திருகும் தாடையும் தேயாமல் இருக்கின்றன. வைஸின் வாய், நிற்பவரின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும் என்பது பிட்டர்களின் பழைய கணக்கு. நிமிர்ந்து நின்று தரையிலிருந்து உன் முழங்கை வரை அளந்து, பாலித்தீன் தாளில் கண்டதையும் சேர்த்து எழுது. வைஸின் உயரத்தைக் கழித்து மேசையின் கால் நீளத்தை நான் சொல்லிவிடுகிறேன். அதற்குள் தச்சரிடம் மேசைக்கு அளவு கொடுத்துவிடாதே.

உன் அன்பு நண்பன்.