பேசுகிறவர் கையில் சீட்டு இருக்காது என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த சீட்டாட்டக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கையில் வந்த சீட்டை மறைத்துவைத்துப் பந்தயம் ஏற்றும் போக்கரில் ஓயாமல் பேசுகிறவர் கையில் ஒன்றும் இருக்காதாம். நமக்குப் பலமான கை வந்தால் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதுமாம், பேச்சுக்காரர் தானாக வந்து மாட்டிக்கொள்வாராம். அப்படி வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து மொத்தத்தையும் விட்டவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் 31 வருஷம் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவனாக இருந்தேன். ஆள் வருகையும் கூலியும் பதியும் செக்ரோல் எழுதி எழுதிக் கண்ணாடி மூன்று முறை மாற்றியாகிவிட்டது. எனவே முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரி மூன்று சீட்டும் இன்னொரு ஜோடியும் சேர்ந்த 'ஃபுல் ஹவுஸ்' 694க்கு ஒரு முறைதான் வரும் என்று கட்டுரையில் இருந்தது. ஐந்தே சீட்டு போடும் ஆட்டத்தில் அது சரி. 25,98,960 கைகளில் 3,744 கை ஃபுல் ஹவுஸ். ஆனால் கட்டுரை பேசுவது, கையில் இரண்டும் எல்லோருக்கும் பொதுவாக மேசையில் ஐந்துமாக ஏழு சீட்டில் நல்ல ஐந்தைப் பொறுக்கும் டெக்சாஸ் ஆட்டத்தைப் பற்றி. அதில் கடைசி வரை இருந்தால் சுமார் 38க்கு ஒன்று வந்துவிடும். நமக்கு வருவது எதிராளிக்கும் வரும்.

எங்களுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லித் தந்தது முதலாளியின் மகன், 2008 வாக்கில் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தபோது. அதுவரை ரம்மி, கொஞ்சம் மங்காத்தா. மங்காத்தாவில் பேச்சுக்கு வேலையே இல்லை, உள்ளேயா வெளியேயா, அவ்வளவுதான். இது வேறு மாதிரி இருந்தது. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்து, கரண்டும் போய்விட்டால், காப்பி காயவைக்கும் களத்தை ஒட்டிய ஸ்டோரில் மூட்டைகளுக்கு நடுவே பெட்ரோமாக்ஸ் வைத்து ஆடுவோம். பணம் கிடையாது. (இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை 2025ல் நாடாளுமன்றமே தடை செய்துவிட்டது, அதற்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம்.) எங்கள் பந்தயம் காப்பிக்கொட்டை. பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு தட்டைக்கொட்டை இருக்கும். சிலதில் ஒன்றே ஒன்று உருண்டையாக இருக்கும், அது பீபெரி. ஒரு பீபெரிக்குப் பத்து சாதாக்கொட்டை என்று வைத்துக்கொண்டோம்.

எஸ்டேட் ஜீப்காரர்தான் நான் சொல்லவந்த பேச்சுக்காரர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும் வரை வாய் மூடாத மனுஷன். சீட்டு பிரிக்கும்போதும் அப்படியே. தன் சீட்டைப் பற்றிப் பேசுவார், அடுத்தவன் சீட்டைப் பற்றிப் பேசுவார், நடுவில் மாமனார் வீட்டுக் கிணறு வற்றியதையும் சொல்லி முடிப்பார்.

அன்றைக்கு என் கையில் எட்டு ஜோடி. மேசையில் முதல் மூன்று சீட்டு ராஜா, எட்டு, மூன்று. எனக்கு மூன்று எட்டு சேர்ந்துவிட்டது. அவர் ஆரம்பித்தார்: "ராஜா வந்துட்டாருங்க ரைட்டரு! எந்திரிச்சு ஒரு கும்பிடு போடுங்க!" ஐந்து கொட்டை வைத்தார். நான் உங்கள் கட்டுரையாளர் சொன்ன மாதிரியே, ஏற்றாமல், ஐந்தை மட்டும் வைத்தேன். நாலாவது சீட்டு இன்னொரு மூன்று. எனக்கு ஃபுல் ஹவுஸ். "மழைக்கு மூணும் ஜோடி தேடிக்கிச்சுங்க" என்றார். மறுபடியும் சும்மா ஈடுகட்டினேன். ஐந்தாவது சீட்டு விழுந்தது. ராஜா.

தகரக் கூரையில் மழை எவ்வளவு பெரிதாகப் பெய்கிறது என்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது. ஜீப்காரர் பேச்சை நிறுத்தியிருந்தார். ஒன்றும் சொல்லாமல் பத்து பீபெரியை எண்ணி வைத்தார். நான் எண்ணவே இல்லை, என்னிடமிருந்த 43 பீபெரியையும் தள்ளிவிட்டேன். அவர் திருப்பிக் காட்டினார்: ராஜாவும் ஜாக்கியும். மூன்று ராஜாவும் மூன்றாம் எண் ஜோடியும் சேர்ந்த அவர் ஃபுல் ஹவுஸ், மூன்று எட்டும் ராஜா ஜோடியும் சேர்ந்த என் ஃபுல் ஹவுஸை விழுங்கிவிட்டது. அத்தனை நேரமும் அவர் பொய்யே சொல்லவில்லை. ராஜா வந்துட்டார் என்றார், வந்துதான் இருந்தார்.

கடைசி ராஜா விழுந்தது என் கெட்ட நேரம். தெரியாத 44 சீட்டில் அவருக்கு உதவக்கூடியவை இரண்டே, 22க்கு ஒன்று. முதல் இரண்டு சுற்றிலும் நான் ஏற்றியிருந்தாலும் ராஜா ஜோடியை வைத்திருந்தவர் ஓடியிருக்கமாட்டார். பேச வந்தவர் சீட்டைக் கவிழ்த்து பேக் அடித்துவிட்டால் அப்புறம் எதைப் பேசுவது? அன்று ஏற்றியிருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் 22 தடவையில் 21 தடவை என் பக்கம் வரவேண்டிய கொட்டையை நான் கேட்காமலே விட்டேன். அவருடைய மௌனத்தைக் கவனித்திருந்தாலும் சீட்டைக் கவிழ்த்திருப்பேன் என்று சொல்லமாட்டேன்; ஃபுல் ஹவுஸைக் கவிழ்க்க எனக்கு மனசு வராது. பத்துக்குப் பத்து வைத்துப் பார்த்திருப்பேன். மிச்சம் 33 பிழைத்திருக்கும்.

பேச்சுக்காரர்கள் பொய்யர்கள் என்பதற்கு முதலாளி மகன் சொன்ன ஒரு பதிலும் உண்டு. 2006ல் லாஸ் வேகசில் உலகப் போக்கர் தொடரின் பிரதான ஆட்டத்தில் 8,773 பேர் ஆடியதில் முதலாவதாக வந்து 1.2 கோடி டாலர் வென்ற ஜேமி கோல்டு, மேசையில் வாய் ஓயாதவர். தன் கையில் இருப்பதையே பல தடவை உள்ளபடி சொல்லியிருக்கிறார்; எதிரில் இருந்தவர்கள் நம்பவில்லை. கடைசிக் கையில் அவரிடம் ராணியும் ஒன்பதும், மேசையில் இன்னொரு ராணி விழுந்து ராணி ஜோடி; எதிராளியிடம் பத்து ஜோடி.

மறுநாள் ஜீப்பில் இறங்கும்போது, என் கையில் நல்ல சீட்டு இருந்தது தெரியுமா என்று கேட்டேன். ஒன்பதாவது வளைவோ பத்தாவது வளைவோ. "என்னங்க ரைட்டரு, நான் பேசப் பேச நீங்க 'ம்' கொட்டுவீங்க. நல்ல சீட்டு வந்தா நிறுத்திடுவீங்க. நேத்து மூணு சீட்டு விழுந்ததுமே நிறுத்திட்டீங்க. உங்ககிட்ட பெருசா இருக்குன்னு தெரியும். கடைசி ராஜா வர்ற வரைக்கும் வவுத்துல புளிதாங்க" என்றார். அவர் இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தது என் 'ம்'மைக் கேட்பதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதன்பிறகு நல்ல கை வந்தால் அவருடைய மாமனார் கிணற்றைப் பற்றி நானே விசாரிப்பேன், விசாரித்துக்கொண்டே கொட்டையை ஏற்றுவேன். அவர் பேச்சை நிறுத்தினால் மட்டும் என் கை மெதுவாகப் போகும்.

உங்கள் கட்டுரையாளர் பறிப்பு நாளில் ஏற்காடு பக்கம் வந்தால் சொல்லுங்கள், அழைத்துப்போகிறேன். ஜீப்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். பீபெரி நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 7