செக்ரோல் புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள்: தோட்டக் கம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருந்தோட்டக் கம்பனிகளின் பணிப்பாளர்களுக்கும், அவற்றின் தோட்டங்களை நடத்தும் முகாமையாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவருடைய தோட்டத்தில் அண்மையில் ஆபீஸ் கட்டடம் திருத்தப்பட்டது. கூரைத்தகரம் மாற்றினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், பின்னறை அலுமாரிகளையும் காலி செய்தார்கள். அலுமாரிக்குள் இருந்த, யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு சம்பளம் என்று பெயர் பெயராக எழுதிய செக்ரோல் புத்தகங்கள், பிரசவக்காசுக் கணக்குகள், ஆள் வந்ததும் போனதும் எழுதிய ரெஜிஸ்டர்கள் எல்லாம் வெளியே வந்தன. நன்றாக இருந்தவை லொறி ஏறிப் பழைய பேப்பர்காரரிடம் போயின. ஈரம் பிடித்தவை தேயிலை ஆலையான ஸ்டோருக்குப் பின்னால் எரிந்தன. எந்தத் தோட்டம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு துரைக்கு மட்டும் விளக்கம் கேட்டுக் கடிதம் போகும், மற்றவர்கள் நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடிப்பீர்கள். அப்படியொரு பின்னறை உங்கள் எல்லோருடைய ஆபீஸிலும் இருக்கிறது. ஆகவே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்ட ஆபீஸ்களில் மிஞ்சியிருக்கும் பழைய செக்ரோல்களையும் தொழிலாளர் பதிவேடுகளையும் அழிக்காதீர்கள். உங்களுக்கு வேண்டாமென்றால், அவற்றைப் பாதுகாக்கத் தெரிந்த ஓர் ஆவணக் காப்பகத்திடம் கொடுத்துவிடுங்கள்.

அலுமாரி காலியான செய்தி கேட்டபின்தான், நெடுநாள் போகவேண்டும் என்று நினைத்திருந்த ஓரிடத்துக்குப் போனேன். கம்பளைக்குப் பக்கத்தில் பரடைஸில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007 இல் தொடங்கியது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்தையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஆட்கள் சமைத்து, பிள்ளை பெற்று, செத்துப்போன காம்பராக்கள்தான் காட்சியறைகள். தோட்டக் கருவிகள், பாட்டிமார் போட்டிருந்த நகைகள், சாமி சிலைகள், வாத்தியங்கள் எல்லாம் உண்டு. தலைக்கு மேலே தகரம், முன்னால் இஸ்தோப்பு என்கிற தாழ்வாரம். இதே மாதிரிக் காம்பராக்களில் இன்றைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அதைப் பேசத் தொடங்கினால் இது வேறு மடலாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான் அதிக நேரம் நின்றது காகிதங்களுக்கு முன்னால். துண்டு முறையைப் பற்றி உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. இந்த ஆள் இவ்வளவு கடன் கட்டினால் விடுவிக்கப்படுவார் என்று ஒரு துரை இன்னொரு துரைக்கு எழுதிய சிறு காகிதம் அது. கையில் அது இல்லாமல் ஒருவர் தோட்டம் மாற முடியாது. 1921 இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். எங்கள் தாத்தாமாரைக் கட்டிப்போட்ட காகிதம்தான். ஆனாலும் இன்றைக்கு அவர்கள் எந்த ஊர், ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணி யார், எவ்வளவு கடன் என்று சொல்வதற்கு அந்த மாதிரிக் காகிதத்தை விட்டால் வேறு சாட்சி இல்லை. அதைத் தகரப்பெட்டியின் அடியில் மடித்து வைத்துக் காப்பாற்றியவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத ஆட்கள். இரும்பு அலுமாரியும் பூட்டும் சாவியும் சம்பளத்துக்குக் கிளாக்கரும் வைத்திருக்கிற நீங்கள் எரித்துவிட்டீர்கள்.

கண்டிக்கு மேலே ஹந்தானையிலும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1925 இல் கட்டிய ஸ்டோரை ஒழுங்குபடுத்தி 2001 இல் திறந்தது. கொழுந்து அரைக்கும் ரோலர்கள் துடைத்து மினுக்கி நிற்கின்றன. ஜேம்ஸ் டெய்லர் பாவித்த பொருட்களுக்கும் இடம் உண்டு. மேல்மாடியில் நல்ல தேநீர் கிடைக்கும். குறை சொல்ல எனக்கு மனமில்லை. இயந்திரத்தையும் காப்பாற்றத்தான் வேண்டும். டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்த 19 ஏக்கரில் காடு வெட்டியது யார், குழி போட்டது யார், கன்று நட்டது யார்? அவர்கள் பெயர் எங்காவது எழுதப்பட்டிருந்தால் அது ஒரு தோட்டத்துச் செக்ரோலில்தான் இருந்திருக்கும். துரைமாருக்குப் பெர்குசன் டைரக்டரி இருந்தது. எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், எந்தத் துரை என்று அச்சில் கிடைக்கிறது. 1854 இல் தொடங்கிய தோட்டத் துரைமார் சங்கத்துக்கு அதன் அறிக்கைகள் இருக்கின்றன. எங்களுக்கு அந்த ஒரு புத்தகம்தான். அதையும் எங்களுக்காக நீங்கள் எழுதவில்லை, அரைநாள் சம்பளம்தான் என்று அரைப்பேர் போட எழுதினீர்கள். பரவாயில்லை, எழுதினீர்களே.

இனி என் அம்மாவின் கதை.

அம்மா கொழுந்தெடுத்த தோட்டம் முதலில் அரசாங்கத்திடம் இருந்தது. 1992 இல் நிர்வாகம் கம்பனிக்குக் கைமாறியது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் அதே இடம், மலை அதே மலை, கணக்கப்பிள்ளையும் அதே ஆள். அம்மாவுக்கு வித்தியாசம் தெரிய நியாயமில்லை. வித்தியாசம் தெரிந்தது வேலையை விட்டபிறகு, சேமலாப நிதி எடுக்கப் போனபோது. பிறப்புச் சான்றிதழில் ‘அம்மா’ என்று முடிகிற பெயர், செக்ரோலில் ‘ஆயி’ என்று முடிந்தது. அடையாள அட்டையில் அப்பாவின் பெயரும் பாதியாகி, அம்மாவின் பெயரும் வேறு மாதிரியாகியிருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஆள் ஒன்று, காகிதத்தில் மூன்று. சட்டப்படி சம்பளத்தில் நூற்றுக்கு 8 அம்மாவிடம் வெட்டினீர்கள், நூற்றுக்கு 12 நீங்கள் போட்டீர்கள். வெட்டும்போது எந்தப் பெயர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று தோட்டத்திலிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். கேட்டது நியாயம்தான், அடுத்தவர் காசை எடுத்துப் போகிறவர்களும் இருப்பார்கள். தோட்ட ஆபீஸுக்குப் போனோம். பெரிய கிளாக்கர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். பழைய செக்ரோலைப் பார்க்காமல் எப்படிக் கடிதம் தருவது என்று கேட்டார். அதுவும் நியாயம். செக்ரோல் எங்கே என்றோம். அரசாங்கக் கூட்டுத்தாபன காலத்துப் புத்தகம் கம்பனியிடம் இல்லை என்றார். கம்பனி காலத்து முதல் சில வருடப் புத்தகமாவது? பின்னறை ஒழுகியதில் போய்விட்டது என்றார். அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஐயா, நான் பேர் விழாம ஒரு நாளும் இருந்ததில்லியே” என்றார். பதில் சொல்ல அவரிடம் என்ன இருக்கிறது? சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரிடம் கடிதம், கூட வேலை செய்த இரண்டு பேரின் சாட்சி என்று அலைச்சல் தொடங்கியது. அந்த இரண்டு பேரில் ஒருவருக்கும் பெயரில் சிக்கல் இருந்ததால் சாட்சிக்கே சாட்சி தேட வேண்டியதாயிற்று. காசு கடைசியில் வந்தது. வருவதற்குள் அப்பா போய்விட்டார். அந்தக் காசில் கட்ட நினைத்திருந்த சமையலறைக்கு அத்திவாரம் மட்டும் கிடக்கிறது.

ஒரு பெண் பெரட்டுக்களத்தில் நின்றாள், கொழுந்தெடுத்தாள், இத்தனை கிலோ நிறுத்தாள் என்பதற்கு அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தைத்தான் கேட்கிறேன்.

இது எங்கள் ஒரு வீட்டுப் பாடு என்று நினைக்க வேண்டாம். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, எங்கள் ஆட்களைப் பிரஜாவுரிமை இல்லாதவர்களாக்கியது. அதற்கடுத்த ஆண்டு, பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க இந்திய பாகிஸ்தானியர் சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்ததை நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த ஆளிடம் இருந்ததற்கு என்ன அத்தாட்சி இருக்கும்? காணி உறுதியா, வரிப் பற்றுச்சீட்டா? தோட்டத்துப் புத்தகம்தான் அத்தாட்சி, புத்தகத்தின் சாவி துரையிடம். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. மற்றவர்களை 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. பிரிந்துபோனவர்களின் பேரப்பிள்ளைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருந்துகொண்டு, தாத்தா எந்தத் தோட்டம் என்று இன்றும் கேட்கிறார்கள். தோட்டத்தின் பெயர் தெரிந்தவர்களுக்கு எந்த டிவிசன், எந்த லயம் என்று தெரியாது. அந்தப் பதிலும் உங்கள் பின்னறையில்தான் இருக்கிறது. இருந்தது என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

காகிதத்தைப் பாதுகாக்க உங்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பழைய பங்களாக்கள் சில இப்போது ஹோட்டல்களாகியிருக்கின்றன. துரையின் குளியல்தொட்டி கால் உடையாமல் இருக்கிறது. துரை சுட்ட மானின் கொம்பு சுவரில் தொங்குகிறது. வந்துபோன வெள்ளைக்கார விருந்தாளிகள் கையெழுத்துப் போட்ட புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த விருந்தாளிகளுக்குத் தேநீர் கொண்டுவந்த பங்களா வேலையாள் அப்புவின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருந்தது, அது எங்கே போனது என்று உங்களிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். 2021 இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானி வந்தபோது நீதிமன்றத்துக்குப் போனீர்கள். அந்த வழக்கில் எங்கள் கணக்குப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது, பின்னறை ஒழுகிவிட்டது என்று நீங்கள் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 53 வருடக் குத்தகை உடன்படிக்கையும் பத்திரமாகத்தான் இருக்கும். மழை ஆளைப் பார்த்துத்தான் பெய்கிறது போலிருக்கிறது!

சம்பளத்துக்குப் போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது சம்பளம் இல்லை. செலவும் பெரிதாக இல்லை.

உங்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் என்ன புத்தகம், எந்த ஆண்டு, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். பட்டியல் எடுத்து முடியும்வரை ஒரு காகிதமும் ஆபீஸை விட்டு வெளியே போகக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். கம்பளையில் இருக்கும் காப்பகத்தோடோ கொழும்பில் இருக்கும் தேசிய சுவடிகள் திணைக்களத்தோடோ பேசுங்கள். பழையதைக் கையளியுங்கள், கையளிக்க விருப்பமில்லாவிட்டால் படம்பிடிக்கவாவது விடுங்கள். வேலை செய்த ஆளோ அவருடைய பிள்ளைகளோ வந்து தங்கள் பக்கத்தைக் கேட்டால், காசு வாங்காமல் பிரதி எடுத்துக் கொடுங்கள். பட்டியல் எடுக்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் ஏ.எல். முடித்தவர்களும் பட்டம் முடித்தவர்களும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தாவின் பெயர் இருக்கிற புத்தகம் என்றால் தூசி தட்டவும் வருவார்கள். முகக்கவசம் மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

அந்தப் புத்தகங்களில் உங்களுக்குச் சங்கடமான கணக்குகளும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அரிசிக்கு வெட்டியது, கம்பளிக்கு வெட்டியது, நிறுத்த கொழுந்தில் தண்ணீருக்கென்று கழித்தது எல்லாம் வரும். அறுபது எழுபது வருடத்துக்கு முந்திய கழிவுக்கு வழக்குப் போட எங்களுக்கு நேரமில்லை. இந்த மாதக் கழிவுக்கே நேரம் போதவில்லை. அந்தப் பயத்தில் எரிப்பதாக இருந்தால், தயவுசெய்து பயப்படாதீர்கள்.

2023 இல், எங்கள் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து மலையகத்துக்கு வந்த இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஆட்கள் நடந்தார்கள். நானும் கொஞ்சத் தூரம் நடந்தேன். அந்தப் பாதையில் அந்தக் காலத்தில் வழியிலேயே செத்துப்போனவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் எழுத ஆள் இருக்கவில்லை. அவர்களுக்கு இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மலைக்கு வந்து சேர்ந்து பேர் பதிந்தவர்களுக்குச் செய்யலாம். எழுதியாகிவிட்டது, புத்தகமாகவும் இருக்கிறது. நீங்கள் எரிக்காமல் இருந்தால் போதும்.

பணிப்பாளர்களே, முகாமையாளர்களே, தயவுசெய்து அந்தச் சுற்றறிக்கையை இந்த மாதமே அனுப்புங்கள். மழைக்காலம் வருகிறது, பின்னறைகள் ஒழுகும். அனுப்பினால் அதன் பிரதி ஒன்றைத் தோட்ட ஆபீஸ் நோட்டீஸ் பலகையிலும் ஒட்டச் சொல்லுங்கள், தமிழில். வேலை நிறுத்தினால் சம்பளம் வெட்டப்படும் என்ற அறிவித்தல்கள் எல்லாம் பிழையில்லாத தமிழில்தான் வருகின்றன. மொழிபெயர்க்க உங்களிடம் ஆள் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் செக்ரோலில் பெயர் இருந்த ஒரு தாயின் மகன்