கடை போர்டு இல்லாத தொழில்: நெல்லைச் சீமை வங்கி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் உங்களில் ஒருவருடைய கிளைக்கு வீட்டுக் கடன் கேட்டு வந்தேன். எந்த வங்கி, எந்தக் கிளை என்று சொல்லப்போவதில்லை. அவர் நல்ல மனிதர். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துப் பேசினார். கடன்தான் கொடுக்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் ஓட்டு வீட்டின் பின்கட்டுச் சுவர் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து தார்ப்பாய்தான் கூரை. ஆறு லட்சம் இருந்தால் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று கொத்தனார் சொன்னார், அதனால் வந்தேன்.

"சம்பளச் சீட்டு கொண்டாந்திருக்கீங்களா?"

"சம்பளம் இல்ல ஸார். போட்டோ விக்கேன்."

"ஸ்டுடியோ எங்க இருக்கு?"

"ஸ்டுடியோ இல்ல ஸார்."

"அப்ப கல்யாண ஆர்டரா?"

அதுவும் இல்லை என்று சொல்லி வருமான வரிக் கணக்கை நீட்டினேன். அதில் ராயல்டி என்று இருந்ததைப் பார்த்துச் சிரித்தார். "சினிமாவுக்குப் பாட்டு எழுதுறீங்களோ?" என்றார். கடைசியில் அவர் கேட்டது, கடை போர்டுக்கு முன்னால் நான் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ. ஒன்பதாயிரத்துச் சொச்சம் படங்களை விற்பனைக்கு வைத்திருப்பவனிடம் அந்த ஒரு படம் மட்டும் இல்லை.

பேசிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக, வீட்டுக் கடன் விளம்பரத் தட்டி ஒன்று நின்றது. அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பொண்ணு. நாலு பேருக்கும் ஒரே மாதிரி பல்வரிசை, கையில் அட்டையில் வெட்டிய வீடு. நம்ம ஊர் முகம் ஒன்றுகூட இல்லை. அதை எடுத்தவன் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் எப்படி எடுத்தான் என்று தெரியும். குடும்பத்தை இடது பக்கமாக ஒதுக்கி, வலது பக்கத்தை வெறும் வெள்ளைச் சுவராக விட்டிருக்கிறான். அந்த வெள்ளையில்தான் உங்கள் வட்டி விகிதம் அச்சாகியிருக்கிறது. இப்படி எழுத்துக்கு இடம் விட்டு எடுக்கத் தெரிந்தால்தான் படம் போகும். அந்த நாலு பேரும் பெரும்பாலும் ஒரு குடும்பமாகவே இருக்கமாட்டார்கள். ஆளுக்கொரு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், பிள்ளைகளுக்கு அவர்களைப் பெற்றவர்கள் போட்டிருப்பார்கள். உங்களுக்கு விளம்பரம் செய்துகொடுத்த கம்பெனி ஏதோ ஒரு தளத்தில் பணம் கட்டி அந்தப் படத்தை இறக்கியிருக்கும். அதில் ஒரு பங்கு எடுத்தவனுக்குப் போயிருக்கும். அதுதான் ஸார் என் தொழில்.

ஸ்டாக் போட்டோ என்று பெயர். நேற்று முளைத்ததில்லை. இப்படிப் படம் விற்கும் தளங்களில் ஐஸ்டாக்போட்டோ 2000-லும் ஷட்டர்ஸ்டாக் 2003-லும் தொடங்கியவை. ஐஸ்டாக்கை 2006-ல் கெட்டி இமேஜஸ் என்ற பட நிறுவனம் 5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அடோபி அதைவிடப் பெரிய தொகைக்கு ஃபோட்டோலியாவை வாங்கி, 2015-ல் அடோபி ஸ்டாக்கைத் தொடங்கியது. ஒருமுறை ஏற்றிய படத்தை யார் எத்தனை தடவை வாங்கினாலும் ஒவ்வொரு தடவைக்கும் எனக்குப் பங்கு வரும். சில சமயம் பத்து சென்ட். சில சமயம் ஒரு மூட்டை அரிசி வாங்குகிற அளவுக்கு.

எது போகும் என்பதுதான் வேடிக்கை. பாபநாசத்து மலையும் குற்றாலத்து அருவியும் சும்மா கிடக்கின்றன, ஆயிரம் பேர் எடுத்துப் போட்டுவிட்டார்கள். கூந்தன்குளத்துப் பூநாரை கொஞ்சம் போகும். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை எடுத்தால், வடம் பிடிக்கிற அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க முடியாது. அதனால் அது செய்திக்கு மட்டும்தான் ஆகும், விளம்பரத்துக்கு ஆகாது. எங்கள் வீட்டு அடுப்பை எரியவைப்பது இரண்டு படங்கள். ஒன்று, பத்தமடைக் கோரைப்பாயை நேர் மேலிருந்து எடுத்த வெறும் பின்னணி. இன்னொன்று, வரப்பில் நின்று செல்போன் பார்க்கிற என் மாமா.

மாமாவிடம் சம்மதப் பத்திரம் வாங்கியது தனிக் கதை. பேப்பரை நீட்டியதும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எந்த சர்வே நம்பர் மாப்ள?" என்றார். ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். "அப்ப என் மூஞ்சிய எவன் வேணும்னாலும் எங்க வேணும்னாலும் ஒட்டிக்கிடலாம், அப்படித்தான?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். கொஞ்ச நேரம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உர விளம்பரம்னா சரி. கட்சி விளம்பரம் மட்டும் ஆகாது" என்றார். அது விதியிலேயே இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

தீபாவளிப் படத்தைத் தீபாவளிக்கு எடுத்தால் வீண். விளம்பரக்காரர்கள் இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே எங்கள் வீட்டில் ஆடியில் தீபாவளி. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று அகல்விளக்கை நிற்கவிடாது. அம்மா போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பேன். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "என்ன மதினி, ஆடியிலயா விளக்கு வரிசை?" என்று கேட்டார். "இவன் பொழப்பு இது" என்றார் அம்மா. ஐப்பசியில் பொங்கல் பானை வைப்போம். அந்தப் பொங்கல் வீணாகாது, சாப்பிட்டுவிடுவோம்.

எடுப்பதைவிட ராத்திரி உட்கார்ந்து தேடுசொல் போடுவதுதான் இடுப்பை ஒடிக்கும். படத்துக்கு ஐம்பது வரை போடலாம், எல்லாம் ஆங்கிலத்தில். பதநீர் என்றால் லண்டன்காரனுக்குத் தெரியுமா? அவன் எந்தச் சொல்லைத் தட்டுவான் என்று நான் இங்கிருந்து யோசிக்க வேண்டும்.

வேலையை விட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்பீர்கள். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் ஒன்பது வருஷம் கணக்கெழுதினேன். 2019 மே மாதம் விட்டேன். கோபத்தில் விட்டதில்லை. நாலு வருஷம் ராத்திரியில் இதைச் செய்து, பன்னிரண்டு மாதப் பட வருமானம் சம்பளத்தில் பாதியைத் தொட்ட பிறகுதான் கடிதம் கொடுத்தேன். கணக்கன் புத்தி. அப்பா மூன்று மாதம் பேசவில்லை. அப்புறம் பேசினார், ஆனால் ஊரில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்றுதான் இன்றுவரை சொல்கிறார். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கம்மி, வீட்டிலேயே இந்த லட்சணம்.

விட்ட மறு வருஷம், 2020 ஜூனில், ஷட்டர்ஸ்டாக் எங்களுக்குத் தரும் பங்குக் கணக்கை மாற்றியது. விற்க விற்க 15 சதவீதத்திலிருந்து 40 வரை படிப்படியாக ஏறும். ஜனவரி 1 அன்று எல்லோரும் மறுபடி கீழ்ப்படிக்கு வந்துவிட வேண்டும். அதனால் எனக்குத் தை, மாசி எப்போதும் இளைப்புத்தான். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசான நெல் அறுப்பு நடந்து ஊர்க்காரர்கள் கையில் காசு புரளும் நேரத்தில் நான் மளிகைக் கடையில் பற்று எழுதிக்கொண்டிருப்பேன். என் அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில்.

இந்தச் சீமையில் கடன் கொடுப்பவர்களுக்கு ஏறி இறங்கும் வருமானம் புதுசா ஸார்? ஒரு வருஷம் கார் நெல் பொய்க்கும், பிசானம் கைகொடுக்கும். சில வருஷம் இரண்டும் கைவிடும். வயலுக்கு யாரும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை. எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று கேட்கிறீர்கள், அறுப்பைப் பார்த்துக் கெடு வைக்கிறீர்கள். என்னிடமும் அதைக் கேளுங்கள். எத்தனை படம், எத்தனை வருஷம், எந்த மாசம் என்ன வந்தது.

காட்ட வேண்டியதெல்லாம் இருக்கிறது. பாதி உங்களிடமே இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் என் கணக்குக்கு வரும்போது, எதற்கான பணம் என்று பர்பஸ் கோடு ஒன்று கூடவே பதிவாகிறது. அமெரிக்காவில் விற்ற படத்துக்கு அங்கேயே வரி பிடித்துவிடுகிறார்கள். டபிள்யூ-8பென் படிவம் கொடுத்து இரு நாட்டு ஒப்பந்தச் சலுகை கேட்டால் 15 சதவீதம், கேட்காவிட்டால் 30. அங்கே கட்டிய வரியை இங்கே கழிக்கப் படிவம் 67 போட்டிருக்கிறேன். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் உண்டு. மூன்று வருஷத்தில் ஆக மோசமான வருஷத்தை எடுத்து, அதற்குத் தக்க கடன் கொடுங்கள். வருத்தப்பட மாட்டேன். தவணையை ஐப்பசியில் கூட்டி மாசியில் குறைக்க வழியிருந்தால் இன்னும் நல்லது.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தத் தொழில் இன்னும் பத்து வருஷம் இருக்குமா? எனக்கும் அந்தப் பயம் உண்டு. 2022 செப்டம்பரில் ஏஐ படங்கள், அதாவது யந்திரமே உருவாக்கும் படங்கள், வேண்டாம் என்றது கெட்டி. அதே வருஷம் டிசம்பரில் அடோபி ஸ்டாக் அவற்றை ஏற்க ஆரம்பித்தது. 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாகப்போவதாக அறிவித்தன. அகல்விளக்கும் பூக்கோலமும் இனி யந்திரமே போட்டுக்கொள்ளும், அதனால் இந்த வருஷம் ஆடித் தீபாவளி இல்லை, அம்மாவுக்குக் கை வலி மிச்சம். ஆனால் அந்த யந்திரத்திடம் பனையேறி படம் ஒன்று கேட்டுப் பார்த்தேன். பனை உச்சியில் தென்னங்கீற்று, ஏறுகிறவன் காலில் மாட்டும் தளைநாரே இல்லை. அந்த இடைவெளி எத்தனை நாளைக்கு என்று சொல்லத் தெரியவில்லை. வீடியோ பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் விட்டு வந்த அலுவலகத்தில் எட்டுப் பேர் இருந்த இடத்தில் இப்போது மூன்று பேர். மற்ற ஐந்து பேரிடமும் சம்பளச் சீட்டு இருந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஆபத்து அதிகம், தரமுடியாது என்றால் ஒத்துக்கொள்வேன். போர்டு இல்லை என்று சொன்னதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

வருகிற திங்கட்கிழமை கோப்போடு அதே கிளைக்கு மறுபடி வருகிறேன். அப்புறம், அந்தத் தட்டி ஜன்னல் வெயிலில் வெளுத்துவிட்டது ஸார், பையன் முகம் நீலம் பாய்ந்து கிடக்கிறது. மாற்றுவதாக இருந்தால் மேலிடத்தில் சொல்லுங்கள். மாமாவும் அத்தையும் வீட்டு முன்னால் நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. வலது பக்கம் இடம் விட்டே எடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
போர்டு இல்லாத படக்காரன்