பன்னீர் திராட்சை வாங்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். சென்ற அறுவடையின் பெட்டிகளைப் பிரித்த பலர், பழத்தின்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது மருந்தா என்று கேட்டிருந்தீர்கள். அது மருந்தன்று, திராட்சையின் தோலிலேயே உண்டாகும் மெழுகு. ஒரு பழத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், அந்த இடம் மட்டும் கறுத்துப் பளபளக்கும். அதிகம் கைபடாத கொத்தில்தான் அது கலையாமல் இருக்கும். ஆனால், 'அப்படியென்றால் மருந்தே அடிப்பதில்லையா?' என்ற அடுத்த கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலாது என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் என் தாத்தா போட்ட இந்தப் பந்தலை, இடையில் பல ஆண்டுகள் குத்தகையில் இருந்த பிறகு, நான் பொறுப்பேற்று இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் மண்ணைக் கொத்தினால் ஒரு மண்புழுகூடக் கண்ணில் படவில்லை. முதலில் களைக்கொல்லியை நிறுத்தினோம். கொடியை வெட்டிவிடும் கவாத்து முடிந்து பந்தலுக்கடியில் வெயில் இறங்கும் நாட்களில் பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன்பே அறுத்து மண்ணில் புதைத்தோம். தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் இட்டோம்.

மண்ணைத் தேற்றுவதைவிட இலையைக் காப்பதே கடினம். குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி இலையுதிர்த்து உறங்கும். நம் பள்ளத்தாக்கில் அந்த உறக்கம் கிடையாது. 2 ஆண்டுகளில் 5 அறுவடை எடுக்கும் வழக்கம் இருப்பதால் கொடியில் எந்நேரமும் பசிய இலை உண்டு, இலையின் அடிப்புறத்தில் படரும் அடிச்சாம்பல் நோய்க்கும் எந்நேரமும் இடம் உண்டு. ஐப்பசி மழையில் இரண்டு நாள் அசந்தால் ஒரு வரிசையே போய்விடும். ஆகவே போர்டோ கலவை அடிக்கிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்கிறேன். 1 கிலோ மயில்துத்தத்தையும் (செம்பு உப்பான காப்பர் சல்பேட்) 1 கிலோ சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, 100 லிட்டராகச் சேர்த்து, தீட்டிய கத்தியை அதில் நனைத்துப் பார்ப்போம். கத்தியில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று பொருள். இயற்கை வேளாண்மை விதிகள் இதைக் கட்டுப்பாட்டுடன் அனுமதிக்கின்றன. எனினும் செம்பு மண்ணில் தங்கிவிடும் என்பதால், மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் இதைத் தவிர்க்கிறோம்.

கொடிக்கு ஓய்வு கொடுக்க ஆண்டுக்கு 2 அறுவடையோடு நிறுத்திக்கொண்டோம். விலை கூடியதற்கு முதற்காரணம் இதுவே. ஒரே கொத்தில் சில பழம் கறுத்தும் சில சிவந்தும் இருப்பது பன்னீர் திராட்சைக்கு இயல்பு. பார்வைக்காக அதைச் சீராக்க எந்த வளர்ச்சி ஊக்கியும் தெளிப்பதில்லை.

2023ஆம் ஆண்டு கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்கான பெருமை. சாகுபடி முறைக்கான சான்று அன்று. திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு இயற்கை விளைபொருள் சான்று பெற 3 ஆண்டு மாறுதல் காலம் வேண்டும். அது முடியாமல் எங்கள் பெட்டியில் அச்சொல்லை அச்சிட மாட்டோம்.

இந்தப் பருவத்தில் விளைச்சல் குறைவு என்பதால் வீட்டுக்கு 5 கிலோவுக்கு மேல் தர இயலவில்லை, பொறுத்தருள வேண்டுகிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் எந்தத் தேதியில் எதைத் தெளித்தோம் என்ற சீட்டு இருக்கும். உண்ணும் முன் பழத்தை நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்தார்